செம்மண் போட்டு மூடினால் மீத்தேன் அடங்குமா?

ஊருணிக்கரை: செட்டிநாட்டுப் பக்கம் பத்தடி உயரக் குப்பைமேடு ஒன்று என்று வைத்துக்கொள்வோம். குப்பை காற்றில்லாமல் மக்கும்போது உள்ளே மீத்தேன் வாயு உண்டாகிறது; குழாய் இறக்கி அதை எடுக்கிற அளவுக்கு ஆழமில்லை. இரண்டடி செம்மண் சரளை போட்டு ரோலர் விட்டால் போதும் என்கிறார்கள். போதுமா?

செம்புறான்: போதும்ணே. மீத்தேனைத் தின்கிற பாக்டீரியா மண்ணிலேயே இருக்கு, வாங்கிப் போட வேண்டாம். கீழேயிருந்து வாயு வரவர தானாப் பெருகும். சரளையும் பக்கத்துலயே கிடைக்குது.

மக்குக்குழி: இருக்கு தம்பி, ஆனா அதுக்கு மூச்சு வேணுமே? ஒரு கிலோ மீத்தேனுக்கு 4 கிலோ ஆக்சிஜன். ரோலர் விட்டு இறுக்கினா காத்து எப்படி இறங்கும்? வாயு சரிவுலயும் ஓரத்துலயும் வழி தேடிப் பீறிடும். நடுவுல வாயு அளக்கிற கருவி வச்சவர் பூஜ்யம்னு எழுதிட்டுப் போவார்.

ஈரமும் பாருங்க. மண்ணின் எடையில 10லிருந்து 20 சதவீதம் ஈரம் இருந்தா நல்லா வேலை செய்யும். 5க்குக் கீழே ஏறக்குறைய நின்னுடும். சித்திரையில செம்மண் மேலடுக்கு எப்படி இருக்கும்னு சொல்லணுமா? ஐப்பசி அடைமழையில தலைகீழ். மண்ணின் துளையெல்லாம் தண்ணி நின்னா, காத்துல பரவுறதைவிடப் பத்தாயிரம் மடங்கு மெதுவாத்தான் ஆக்சிஜன் உள்ளே போகும்.

வேப்பமுத்து: மீத்தேன் உண்டாகிறதையே தடுக்கலாமே? அதை உண்டாக்குற ஆர்க்கியாங்கிற நுண்ணுயிருக்கு ஆக்சிஜன் ஆகாது. ஊதுகுழாய் வச்சுக் காத்து அடிச்சா?

மக்குக்குழி: அளவு தப்பினா குப்பை உள்ளுக்குள்ளேயே தீப்பிடிக்கும்ங்க. வெளியே புகை தெரியறதுக்குள்ள ஆழத்துல கனன்றிருக்கும். வேண்டாம்.

நான் சொல்றது இது: அடியில 30 செ.மீ. ஜல்லி, வாயு ஒரே இடத்துல பீறிடாம பரவுறதுக்கு. மேலே ஒரு மீட்டர் மக்கிய உரம், மரச்சிராய் கலந்து. ரோலரே ஏறக்கூடாது. கைப்பிடி எடுத்துப் பிழிஞ்சா உருண்டை நிக்கணும், தண்ணி சொட்டக்கூடாது. அரைகுறையா மக்கினது வேண்டவே வேண்டாம். அதுவே ஆக்சிஜனைத் தின்னும், அடியில தானே மீத்தேனும் விடும். ஈரமாக்கிப் பிளாஸ்டிக் பையில மூணு நாள் கட்டி வைங்க. திறந்ததும் புளிச்சவாடையோ நவச்சார நெடியோ அடிச்சா இன்னும் ஆகலை.

செம்புறான்: சரி, வேலை செய்யுதுன்னு எப்படித் தெரியும்?

மக்குக்குழி: 20, 40, 60 செ.மீ. ஆழத்துல வாயு எடுத்துப் பாருங்க. குப்பைக்குள்ள மீத்தேன் 55 சதவீதம், கார்பன் டை ஆக்சைடு 40 சதவீதம் வாக்குல இருக்கும். மேலே வரவர மீத்தேனைக் கார்பன் டை ஆக்சைடு முந்தினா பாக்டீரியா தின்னுதுன்னு அர்த்தம்.

செம்புறான்: அங்கேதான் மாட்டினீங்க. உரம் மக்கும்போது அதுவே கார்பன் டை ஆக்சைடு விடுமே! விகிதம் சும்மாவே மாறிடும்.

மக்குக்குழி: நியாயமான கேள்வி. அதே உரத்தை, குப்பை இல்லாத தரையில ஒரு பாத்தி போட்டு அங்கேயும் அளங்க. அதுல வர்றதைக் கழிச்சுட்டுப் பேசுவோம்.

செம்புறான்: ஒரு மீட்டர் உரம் வருஷத்துக்கு வருஷம் இறங்குமே, அதுக்கு யார் லாரி அனுப்புறது?

மக்குக்குழி: இறங்கும்தான். அந்தச் செலவை முதல் மதிப்பீட்டிலேயே சேர்க்கணும். இல்லேன்னா கிளறிச் சலிச்சு மேட்டையே காலி பண்றது மேல்.