ரொறன்ரோ குளிர்: வெளியில சைக்கிளா, வீட்டுக்குள்ள ரெயினரா?

ஸ்காபரோ_சில்லு:
ஸ்காபரோவில இருந்து டான்ஃபோர்த் வழியா டவுன்ரவுனுக்கு ஒருவழி 17 கிமீ. டிசம்பர் முதல் மார்ச் வரை வெளியில ஓடலாமோ, இல்லை ஸ்மார்ட் ரெயினர் (சைக்கிளைப் பூட்டி வீட்டுக்குள்ளயே மிதிக்கிற மிசின்) வாங்கிறது நல்லதோ? சைக்கிள் 11 ஸ்பீட், டிஸ்க் பிரேக், 12 மிமீ த்ரூ அக்ஸில் (சில்லுக்கு நடுவால போற தடிச்ச அச்சு), 40 மிமீ ரயர் போகும். மைனஸ் 10க்குக் கீழ போனா உள்ளுக்க, மற்றபடி வெளியில எண்டு வைச்சாச் சரிவருமோ?

உப்புத்தண்ணி:
மைனஸ் 10 கணக்கை விடுங்கோ தம்பி. குளிரைப் பாக்கிறதை விட்டிட்டு றோட்டைப் பாக்கவேணும். மைனஸ் 12இல றோட்டு காய்ஞ்சு கிடந்தா ஒரு பயமும் இல்லை. பகல் பிளஸ் 2, இரவு மைனஸ் 4 எண்டு போற நாள்தான் ஆளை விழுத்தும். உருகின தண்ணி றோட்டோரத்துக்கு ஓடி, விடிய முதல் ஐஸாயிடும். சைக்கிள் பாதையும் அதே ஓரத்திலதான்.

ஆணி ரயர், அதாவது ஐஸைக் கடிக்கச் சின்ன ஆணிகள் பதிச்ச ரயர், ரெண்டு சில்லுக்கும் போடுங்கோ. ஒண்டுக்குத்தான் காசு எண்டா முன்சில்லுக்கு. பின்சில்லு வழுக்கினாச் சமாளிக்கலாம், முன்சில்லு வழுக்கினா நேரா நிலத்திலதான். முதல் 40 கிமீ வெறுந்தாரில, சடார் பிரேக் இல்லாம மெதுவா ஓடினாத்தான் ஆணி ரப்பருக்குள்ள இறுகி நிக்கும். வீட்டுக்குள்ள 60 பிஎஸ்ஐ அடிச்ச காத்து மைனஸ் 10இல 52 அளவுக்கு இறங்கும். ஐஸ் நாளில அது நல்லதுதான், பக்கத்து ஆணிகளும் தரையைப் பிடிக்கும்.

கடுங்குளிரில மிதிக்க மிதிக்க பெடல் சும்மா சுத்தினா செயினைக் குறை சொல்லாதேங்கோ. ஃப்ரீஹப்புக்குள்ள (மிதிக்கேக்க மட்டும் பின்சில்லைப் பிடிச்சுச் சுத்திற பகுதி) கிரீஸ் தடிச்சு, உள்ள இருக்கிற சின்னக் கொக்கிகள் எழும்புதில்லை. பழைய கிரீஸைத் துடைச்சிட்டு, ஃப்ரீஹப்புக்கெண்டே விக்கிற மெல்லிய கிரீஸ் கொஞ்சமா வைச்சாச் சரி.

விசிறிக்காரன்:
ரெயினர் எடுத்தா பின்சில்லைக் கழட்டிப் பூட்டுற டிரெக்ட் டிரைவ் எடுங்கோ. பெட்டிக்குள்ள 11 ஸ்பீட் கசெற்றும் (செயின் ஓடுற பின் பல்லுச்சில்லுகள்), உங்கட சைக்கிளில பின்சில்லு பூட்டுற இடத்தின்ர அகலத்துக்கு (அனேகமா 142 மிமீ) அடாப்டரும் இருக்கோ எண்டு கேட்டு வாங்குங்கோ. சில்லை உருளையில அழுத்துற மலிவு வகையில ஆணி ரயரோட ஏறவே கூடாது.

ரெயினரை விட முக்கியம் பெரிய விசிறி. காத்து இல்லாட்டி உடம்பு சூடாகி, வெளியில இலகுவாப் போட்ட வாட்ஸ் (மிதிக்கிற வலு) உள்ள வராது; பயிற்சி காணாது எண்டு பிழையா நினைப்பியள். பனிக்கு றோட்டில கொட்டுற உப்பு மாதிரி வேர்வையும் உப்புத்தான், ஹாண்டிலைப் பிடிக்கிற ஸ்ரெம் போல்ட்டுகளையும் அதுக்குக் கீழ இருக்கிற ஹெட்செற் பெயாரிங்கையும் தின்னும். ஹாண்டிலுக்கு மேல துவாய் போடுங்கோ. 8 நிமிசம் நாலு தரம் மாதிரி, இடையில ஆறி ஆறி மிதிக்கிற கடும் இன்ரர்வெல்லுக்கு உள்ளுக்கதான் சரி, சிக்னல் இல்லை.

ஸ்காபரோ_சில்லு:
நன்றி அண்ணைமார். அப்ப ஒரே சைக்கிளை ரெண்டுக்கும் வைச்சிருக்கலாமோ?

உப்புத்தண்ணி:
வேண்டாம். மட்கார்ட் பூட்டின ஒரு பழைய சைக்கிளை உப்பு றோட்டுக்கு விடுங்கோ. வந்த உடன இளஞ்சூட்டுத் தண்ணி ஊத்தி, செயினைத் துடைச்சு, ஈரத்துக்குரிய எண்ணெய் விடுங்கோ. அப்பிடியே வீட்டுச் சூட்டில விட்டா ஈர உப்பு இன்னும் கெதியாத் துருப்பிடிக்கும். பிரஷர் தண்ணி பெயாரிங்குக்குள்ள அடிக்கக்கூடாது.

ஒரே சைக்கிள்தான் எண்டா, செயின் அளவி (செயின் எவ்வளவு இழுபட்டிருக்கு எண்டு பாக்கிற கருவி) 0.5 சதவீதம் காட்டின உடன செயினை மாத்துங்கோ. உப்பில இழுபட்ட செயினை ரெயினரின்ர புதுக் கசெற்றில போட்டா பல்லுகள் தேய்ஞ்சு, பிறகு புதுச் செயின் போட்டாலும் துள்ளும்.