ராமானுஜனின் தொலைந்த நோட்டு: மூலம் எங்கே?

கேள்வி (எண்ணன்): கணித மேதை ராமானுஜனின் 'தொலைந்த நோட்டு' மூலம் இருப்பது சென்னையிலா, கேம்பிரிட்ஜிலா? அதை அவர் கேம்பிரிட்ஜ் கணித அறிஞர் ஹார்டிக்கு எழுதிய கடிதங்களோடு ஒப்பிட்டுப் படிக்கணும்.

ஏடு: சென்னைப் பல்கலைக்கழகத்தில் இருப்பது முதல் மூன்று நோட்டுகள். 1957-ல் டாடா ஆராய்ச்சி நிறுவனம் அவற்றின் நகலை இரு தொகுதிகளாக வெளியிட்டது. நீங்க கேட்பது கேம்பிரிட்ஜ் ட்ரினிட்டி கல்லூரியின் ரென் நூலகத்தில். 1976-ல் கணித அறிஞர் ஜார்ஜ் ஆண்ட்ரூஸ் அதை, மறைந்த கணித அறிஞர் வாட்சனின் தாள்களுக்கு நடுவில் கண்டார். பேர்தான் நோட்டு, உண்மையில் உதிரித் தாள்கள். 600-க்கு மேல் சூத்திரங்கள், நிரூபணம் கிட்டத்தட்ட இல்லை.

கணக்கன்: இங்கேதான் பலர் சறுக்குவாங்க. தொலைந்த நோட்டின் 1988 நகல் பதிப்பின் பக்க வரிசையை எழுதிய வரிசைன்னு எடுத்துக்காதீங்க. தாள்களில் தேதி இல்லை, இடையில் பல கை மாறியவை. காலத்தைக் கணிக்கக் கடிதங்கள்தான் பிடி: போலி தீட்டா சார்புகள் (mock theta, ராமானுஜன் கண்ட ஒரு வகைக் கணிதச் சார்புகள்) பற்றி ஹார்டிக்கு வந்த கடிதம் 1920 ஜனவரியில் எழுதியது. அந்தச் சார்புகள் உள்ள தாள்களை அதை ஒட்டிய காலத்தில் வைக்கலாம், மற்றதை அப்படி வைக்க முடியாது.

ஏடு: முதலில் அந்த 1988 நகலை முழுசாப் படிச்சிடுங்க. அதில் தெளியாத பக்கத்துக்கு மட்டும் நூலகத்தில் மூலத் தாளைக் கேளுங்க. பட்டியல் எண், பக்க எண், காரணம் மூன்றும் எழுதி முன்கூட்டியே அனுப்பணும். பென்சில் மட்டும் எடுத்துட்டுப் போங்க. கையுறை வேண்டாம், விரலின் உணர்வு மழுங்கி, தாள் ஓரம் கிழியும். கழுவி உலர்ந்த கையே போதும்.

எண்ணன்: நன்றி. நகலில் இருந்தே தொடங்கறேன்.