புதுப்பிப்பு: தலச்சேரி கேக் கதையில் இரண்டு திருத்தம்

பேக்கரிக்காரர் மாம்பள்ளி பாபு 1883-இல் கேரளத்துத் தலச்சேரியில் சுட்ட கிறிஸ்துமஸ் கேக்கில் மாஹி பிராந்தி ஊற்றினார் என்று போன வாரம் எழுதியிருந்தேன். தப்பு. பிரெஞ்சுக்காரர் கையிலிருந்த மாஹிக்குப் போய் பிராந்தி வாங்கச் சொன்னவர், கேக் சுட்டுத் தரக் கேட்ட வெள்ளைக்காரத் தோட்ட முதலாளி பிரவுன் துரை. பாபு அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. முந்திரிப்பழமும் கதலிப்பழமும் சேர்த்து ஊரில் காய்ச்சிய சரக்கைத்தான் கலந்தார் என்கிறார்கள் குடும்பத்தார். அச்சு, தர்மடத்துக் கொல்லர் அடித்துக் கொடுத்தது. அரிவாள் அடிக்கிற பட்டறையில் கேக் அச்சு! துரை ஒரு வாய் தின்று பார்த்துவிட்டு, இன்னும் ஒரு டஜன் கேட்டாராம்.

அப்புறம், அஞ்சரக்கண்டி லவங்கப்பட்டைத் தோட்டத்தைத் தொடங்கிய மர்டோக் பிரவுன்தான் அந்தத் துரை என்றும் உளறியிருந்தேன். அவர் 1828-லேயே போய்ச் சேர்ந்துவிட்டார். கேக் கேட்டவர் பின்னால் வந்த பிரவுன்.

மற்றதெல்லாம் சரி. பர்மாவில் இருந்துவிட்டு ஊர் திரும்பிய பாபு 1880-இல் ராயல் பிஸ்கட் ஃபேக்டரியைத் தொடங்கினார். அவருக்குப் பின் தொழில் சகோதரி மகன் கோபாலன் கைக்குப் போனது. தலச்சேரியில் மாம்பள்ளி பேக்கரி இன்றும் உண்டு. திருவனந்தபுரம் சாந்தா பேக்கரியும் அந்தக் குடும்பக் கிளைதான்.

முந்திரிப்பழச் சரக்குக்கு நான் எங்கே போவேன்? உலர்திராட்சையை ரம்மில் ஊறப் போட்டிருக்கிறேன். ஜாடி மூடியைத் திறந்தாலே கூடம் முழுக்க வாசம். அத்தை மூக்கைச் சுளித்துக்கொண்டு பூஜையறைக் கதவைச் சாத்துகிறார்.