ஓய்வுக்கு ஒத்திகை பார்க்கும் நண்பர்: அவர் வழி எனக்கும் ஒத்துவருமா?

கேள்வி: நாகர்கோவிலிலிருந்து ஓர் அரசு ஊழியர்

அடுத்த ஆண்டு எனக்கு 60 வயது நிறைவடைகிறது. பணிக்கொடை, ஓய்வூதியக் கருத்துரு, கம்யூட்டேஷன் (ஓய்வூதியத்தில் ஒரு பகுதியை முன்கூட்டியே மொத்தமாகப் பெறுவது) ஆகியவற்றைப் பற்றி அலுவலகத்தில் எல்லோரும் அறிவுரை சொல்கிறார்கள்; மறுநாள் காலையில் எழுந்து என்ன செய்வது என்பதைப் பற்றி எவரும் பேசுவதில்லை. பேசிய ஒரே மனிதர், எனக்கு முன்பே ஓய்வுபெற்றுச் சுசீந்திரத்தில் வசிக்கும் என் நண்பர்.

பணியில் இருந்தபோதே அவர் ஈட்டிய விடுப்பில் அவ்வப்போது ஒரு வாரம் எடுத்துக்கொண்டு, எந்தப் பயணமும் போகாமல், கல்யாண வீடுகளுக்குக்கூடச் செல்லாமல், ஓய்வுபெற்றவரைப் போலவே வீட்டில் இருந்து பார்த்தார். எந்தப் பொழுது தம்மால் கழிக்க முடியாதது என்று அறிவதே நோக்கம். காலை எளிதாகப் போயிற்றாம். மாலை நான்கு மணிக்கும் விளக்கு வைக்கும் நேரத்துக்கும் நடுவில்தான் மனம் அலைந்ததாம். ஆகவே அந்தப் பொழுதில், தம் மகனைவிட இளைய ஓர் அண்ணாவியிடம் (வில்லிசைக் குழுவின் தலைமைக் கலைஞர்) வில்லிசைக்குக் குடம் அடிக்கக் கற்கிறார். தாளம் தவறினால் கண்டிப்புண்டு. வாழ்நாளெல்லாம் பிறர் எழுதிய குறிப்புகளைத் திருத்தியவருக்கு, இப்போது தாம் திருத்தப்படுவது பிடித்திருக்கிறது.

காலையில் தேரூர்க் குளத்தங்கரையில் பென்சிலும் நோட்டுமாக உட்கார்ந்து பறவைகளை வரைகிறார். சுசீந்திரம், தேரூர்க் குளங்கள் 2022ஆம் ஆண்டு, உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் சேர்ந்தவை; வடகிழக்குப் பருவமழையை ஒட்டி வலசைப் பறவைகள் வந்துவிடும். (கவிமணி பிறந்த ஊரில் உட்கார்ந்து கவிதை எழுதாமல் படம் வரைகிறீரே என்று நான் கேலி செய்வதுண்டு.) வரைந்தவற்றில் பாதிக்குமேல் முடிவடையாதவை. பறவை பறந்துவிட்டால் நினைவிலிருந்து மீதியை நிரப்புவதில்லை என்பது அவர் வகுத்துக்கொண்ட விதி.

என்னைச் சற்றுக் கலங்கச் செய்வது வேறொன்று. வருவதற்கு முன்பே முதுமைக்கு அவர் இடம் ஒதுக்குகிறார். கண் நன்றாக இருக்கும்போதே இரவில் ஸ்கூட்டர் ஓட்டுவதை நிறுத்திவிட்டார். மாடியிலிருந்த படுக்கையறையைக் கீழே மாற்றினார். குளியலறையில் கைப்பிடி பொருத்தினார். தம் புத்தகங்களையும் கருவிகளையும், யாருக்கு எது பயன்படும் என்று யோசித்து, ஒவ்வொன்றாகக் கொடுத்து வருகிறார். பிள்ளைகளோ, அப்பா எதற்கோ ஆயத்தமாகிறார் என்று பயப்படுகிறார்கள். எந்தப் பொழுதுபோக்கும் இல்லாத என்னைப் போன்றவருக்கு இவ்வழி ஒத்துவருமா? அனுபவமுள்ளவர்கள் சொல்லுங்கள்.

பதில் 1: குழித்துறை, ஓய்வுபெற்ற செவிலியர்

ஐயா, பிள்ளைகளின் பயம் தேவையற்றது. முதியவர்களின் வாழ்க்கை ஒரே நாளில் தலைகீழாவதற்குப் பெரும்பாலும் காரணம் ஒரு விழுகைதான். ஈரத் தரையில் வழுக்கி இடுப்பெலும்பு முறிந்து, படுக்கையிலேயே கிடந்து தசை வற்றி, பிறகு எழுந்து நடக்கவே அஞ்சியவர்களை வார்டில் நிறையப் பார்த்திருக்கிறேன். அவர்களில் பலர் வீட்டுக்குப் போன பிறகுதான் கைப்பிடி பொருத்தினார்கள். இரத்த அழுத்த மாத்திரை எடுப்பவர்களில் சிலருக்குச் சட்டென்று எழுந்தால் தலை சுற்றும். கட்டிலில் சற்று உட்கார்ந்து பிறகு எழுவதையும் உங்கள் நண்பரின் ஒத்திகையில் சேர்க்கச் சொல்லுங்கள்.

ஆனால் எனக்கு ஒரு சந்தேகம். அவர் காலையில் குளத்தங்கரையிலும் மாலையில் குடத்தடியிலும் இருக்கும்போது, வீட்டில் புட்டு அவிப்பதும் தேங்காய் துருவுவதும் யார்? நம் ஊரில் ஆண்கள்தான் ஓய்வு பெறுகிறார்கள். நான் பணி ஓய்வு பெற்ற மறுநாளும் வழக்கமான நேரத்தில் அடுப்பு பற்றவைத்தேன்.

பதில் 2: மார்த்தாண்டம், ரப்பர் விவசாயி

மாதம் பிறந்தால் வங்கிக்கு ஓய்வூதியம் வரும் என்ற உறுதி இருந்தால்தான் முடிவடையாத படங்களை இரசிக்க முடியும். பால் வெட்டும் தொழிலாளிக்கும் குளச்சல் கடற்கரையில் வலை இழுப்பவருக்கும் உடல் மறுக்கும் நாளே ஓய்வு நாள். அரசுப் பணியிலும் 1.4.2003 முதல் சேர்ந்தவர்கள் பழைய ஓய்வூதியத் திட்டத்தில் வருவதில்லை. நண்பரைக் குறை சொல்லவில்லை. அவருடைய அமைதிக்கு அடியில் என்ன இருக்கிறது என்பதையும் எழுதியிருக்கலாம்.

மற்றொன்று, புத்தகத்தைக் கொடுக்கலாம், வீட்டைக் கொடுக்கும்போது நிதானம் வேண்டும். பிள்ளைகளுக்குச் செட்டில்மென்ட் எழுதுவதானால், கடைசிவரை பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனையைப் பத்திரத்திலேயே எழுதுங்கள். 2007ஆம் ஆண்டின் பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டத்தின் 23ஆம் பிரிவின்படி, அத்தகைய நிபந்தனை மீறப்பட்டால் பத்திரத்தைச் செல்லாததாக்கக் கோரித் தீர்ப்பாயத்துக்கு மனுச் செய்யலாம்.

பதில் 3: தோவாளை, வில்லிசைக் குழுவில் இருப்பவர்

அறுபதுக்குமேல் கற்க வருபவர்களைக் குடம் அடிக்க உட்கார வைக்கும் அந்த அண்ணாவி விவரமானவர். உடுக்கைக்கு விரலும் தோளும் சேர்ந்து ஒத்துழைக்க வேண்டும். குடம் அடிப்பவர், தாளம் பிடிக்கும் காது இருந்தால் பெருமளவு சமாளிக்கலாம். ஆனால் கோயில் கொடை விழாவில் விடிய விடிய உட்காருவதற்கு அவர் ஆசைப்பட வேண்டாம். கால் மரத்துப் போகும், தூக்கம் கெடும். முன்னிரவில் ஒரு பகுதிக்கு மட்டும் வாசிக்கட்டும்.

கேள்வி கேட்டவருக்கு ஒன்று. பொழுதுபோக்கு இல்லை என்று வருந்துகிறீர்கள். உங்கள் நண்பருக்கும் முன்பு வில்லிசை தெரிந்திருக்கவில்லை. முதலில் அவர் தேடியது தமக்கு எந்த நேரம் கனக்கிறது என்பதை மட்டுமே.

கேள்வி கேட்டவரின் பதில்

அனைவருக்கும் நன்றி. குழித்துறை அம்மாவின் கேள்வியை நண்பரிடம் அப்படியே வாசித்துக் காட்டினேன்; அருகிலிருந்த அவர் மனைவிதான் முதலில் சிரித்தார். இரவுச் சமையல் இப்போது நண்பருடையது. மரச்சீனிக் கிழங்கும் மீன் கறியும் தேறிவிட்டன, தீயலுக்கு மட்டும் இன்னும் வறுப்புப் பதம் வரவில்லை என்பது அம்மையாரின் மதிப்பீடு. காலை வேலை இன்னும் பங்கிடப்படவில்லை என்பதையும் அவரே சேர்த்துச் சொன்னார்.

மார்த்தாண்டம் ஐயா சொன்னது உண்மை. நண்பருக்கு ஓய்வூதியமும் சொந்த வீடும் உண்டு, கடன் இல்லை. எனக்கு வீட்டுக்கடன் இன்னும் முடியவில்லை. அதை அடைக்கும்வரை பகுதிநேரக் கணக்கு வேலை பார்ப்பேன். ஆனாலும் ஓண விடுமுறையை ஒட்டி ஒரு வாரம் விடுப்பு எடுத்து, வீட்டிலேயே இருந்து பார்க்கப்போகிறேன். கைப்பிடியை எந்த உயரத்தில் பொருத்துவது என்று அம்மா சொன்னால் கொத்தனாரை அழைத்துவிடுவேன்.

பதில் 4: குழித்துறை, ஓய்வுபெற்ற செவிலியர்

அதைப் பிடிக்கப் போகிறவரை அங்கே நிற்கவைத்து அளந்துகொள்ளுங்கள். பிடிக்கும்போது முழங்கை சற்று மடங்கியிருக்க வேண்டும். துண்டு போடும் கம்பியை நம்ப வேண்டாம், முழு எடையையும் அது தாங்காது. கழிப்பறை இருக்கைக்கு அருகிலும் ஒன்று வைத்துவிடுங்கள்.