குடும்பக் குழு: ஒட்டியாணத்துக்குக் காசு எந்த வழியாக வரும்?

நிலா (காலை 9:14): வணக்கம். அம்மாவின் நாட்டிய நகைக் கடைத் தளம் தயார். படமெல்லாம் ஏற்றியாச்சு. பணம் கட்டும் பக்கம் மட்டும்தான் பாக்கி. இப்போதைக்கு பேநவ் (சிங்கப்பூர் வங்கிகளுக்கிடையே உடனடியாகப் பணம் அனுப்பும் முறை), கடன் அட்டை இரண்டும் வைத்திருக்கிறேன். கார்த்தி, பார்த்துச் சொல்.

மங்களம் (9:20): இங்கே வாங்குகிறவர்கள் பேநவ்வில் போட்டுவிடுவார்கள். எனக்குக் கவலை வெளியூர் ஆட்கள்தான். மலேசியாவில் கிள்ளானில் ஒரு டீச்சர், இந்தோனேசியாவில் மேடானில் ஒரு நடனப் பள்ளி, சென்னையில் ஒரு பெண், தென்னாப்பிரிக்காவில் டர்பனில் ஓர் அம்மா. எல்லாரும் நம்பிக் கேட்கிறார்கள்.

சேகரன் (9:22): இதற்கு ஏன் இத்தனை யோசனை? விசா, மாஸ்டர்கார்டு எல்லா ஊரிலும் செல்லும்.

கார்த்தி (9:41): எம்ஆர்டி ரயிலில் இருந்தேன், இப்போதுதான் பார்த்தேன். மாமா, அட்டை எல்லா ஊரிலும் செல்லும், சரி. ஆனால் எல்லா ஊரிலும் ஆட்கள் கையில் கடன் அட்டை இருக்காது. இந்தோனேசியாவில் பெரும்பாலானோர் வங்கிக் கணக்கிலிருந்தோ கோபே, டானா மாதிரிக் கைபேசிப் பணப்பையிலிருந்தோதான் கட்டுகிறார்கள். அட்டை எண் கேட்கும் பெட்டியைப் பார்த்தாலே பக்கத்தை மூடிவிட்டுப் போய்விடுவார்கள். டர்பனுக்கு அட்டை போதும், அதைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம்.

மங்களம் (9:44): சென்னைப் பெண்ணிடம் அட்டை இருக்கிறதே. நேற்று ஒட்டியாணத்துக்குப் போட்டுப் பார்த்தாள், போகவே இல்லை. நம் கடையில்தான் கோளாறு என்று நினைக்கிறாள்.

கார்த்தி (9:47): நம் கோளாறாக இருக்காது அத்தை. 2020இல் இந்திய ரிசர்வ் வங்கி ஒரு விதி கொண்டுவந்தது. அதன்பிறகு தரும் புது அட்டைகளில் வெளிநாட்டுப் பயன்பாடு மூடியேதான் வரும். அவர் தன் வங்கிச் செயலிக்குள் போய், வெளிநாட்டு இணையப் பரிவர்த்தனையைத் திறந்துவிட்டு மறுபடி போட்டுப் பார்க்கட்டும்.

சேகரன் (9:50): பேநவ்வையும் இந்தியாவின் யுபிஐயையும் இணைத்துவிட்டார்களே! இரண்டு பிரதமர்களும் தொடங்கி வைத்தார்களே. அந்தப் பெண் யுபிஐயில் அனுப்பட்டும்.

கார்த்தி (9:56): அது 2023 பிப்ரவரி மாமா. ஆனால் அந்த இணைப்பு ஓர் ஆள் இன்னோர் ஆளுக்குப் பணம் அனுப்புவதற்கு. மகன் இங்கிருந்து அம்மாவுக்கு அனுப்புகிற மாதிரி. தொடங்கியபோது ஒரு நாளைக்கு 1,000 சிங்கப்பூர் வெள்ளிதான் உச்சம். கடை வியாபாரத்துக்கு அதை வைத்துக்கொள்ள முடியாது. ஆர்டர் எண்ணும் வராது, பணம் வந்தது தளத்துக்கும் தெரியாது. கடையில் யுபிஐ வேண்டும் என்றால் எல்லை தாண்டிய பணத்தைக் கையாள ரிசர்வ் வங்கி அனுமதித்த இடைநிலை நிறுவனம் ஒன்று நடுவில் வேண்டும். அதற்கான விதி 2023 அக்டோபரில்தான் வந்தது. மாதத்துக்கு ஒன்றிரண்டு சென்னை ஆர்டருக்காக அந்த அலைச்சல் இப்போது வேண்டாம்.

மணிமாறன் (10:15): ஜொகூரிலிருந்து நான் ஒன்று சொல்லட்டுமா அக்கா? கிள்ளான் டீச்சருக்கு எஃப்பிஎக்ஸ் கொடுங்கள், வங்கிக் கணக்கிலிருந்து நேராகக் கட்டும் முறை. இங்கே எல்லாரும் அதில்தான் கட்டுகிறோம். மேபேங்க், சிஐஎம்பி என்று வங்கிப் பெயரைத் தொட்டால் நம் வங்கிச் செயலியே திறக்கும். ஒப்புதல் தட்டினால் முடிந்தது. டச் அண்ட் கோ பணப்பையும் இருந்தால் நல்லது.

நிலா (10:18): மாமா, நமக்குப் பணம் வாங்கித் தருகிற இப்போதைய சேவையில் எஃப்பிஎக்ஸைத் தேடினேன். சிங்கப்பூர்க் கணக்குக்குக் கிடையாதாம். மலேசியாவில் பதிவான நிறுவனத்துக்கு மட்டும்தானாம்.

கார்த்தி (10:25): இங்கேதான் பலரும் மாட்டிக்கொள்கிறார்கள். விளம்பரத்தில் நூறு வகைக் கட்டணமுறை என்று இருக்கும். உள்ளே போனால், அந்தந்த நாட்டில் பதிவு இருக்கிறதா என்று கேட்பார்கள். வெளிநாட்டுக் கடைக்கும் உள்ளூர் முறையைத் திறந்துகொடுக்கும் சேவைகள் இருக்கின்றன. சேரும் முன்பே நேராகக் கேள்: சிங்கப்பூர் நிறுவனத்துக்கு எஃப்பிஎக்ஸ் உண்டா? ரிங்கிட்டில் வாங்கி வெள்ளியாகத் தருவீர்களா? மாற்று விகிதத்தில் எவ்வளவு எடுப்பீர்கள்? கடைசிக் கேள்விக்குப் பதில் மழுப்பினால் வேறு ஆளைப் பார்.

மங்களம் (10:31): இங்கே பிடிப்பதே போதாதா? போன மாதம் ஒரு குஞ்சலம் விற்றதில் கிட்டத்தட்ட ஒரு வெள்ளி குறைந்து வந்தது.

கார்த்தி (10:34): அட்டைக்கு 3.4 விழுக்காடு, அதோடு ஒவ்வொரு முறையும் 50 காசு பிடிக்கிற சேவை அது. 12 வெள்ளிக் குஞ்சலத்தில் 91 காசு போய்விடும். 120 வெள்ளி செட்டில் 4 வெள்ளி 58 காசுதான். அதனால் சின்னச் சாமான்களைத் தனியாக விற்காதீர்கள் அத்தை. குஞ்சலம், ராக்கொடி, நெற்றிச்சுட்டி மூன்றையும் சேர்த்து ஒரு செட்டாகப் போடுங்கள்.

மங்களம் (10:35): இது நல்ல யோசனை. தனியாகக் கேட்கிறவர்கள் கடைக்கு வந்து வாங்கட்டும்.

சேகரன் (10:40): மேடான் பள்ளிக்குப் பொருளைக் கொடுத்துவிட்டுக் காசு வாங்கும்படி கூரியர்காரரிடம் சொல்லலாமே?

நிலா (10:42): அப்பா, அவர்கள் வேண்டாம் என்று திருப்பிவிட்டால் போகிற செலவும் வருகிற செலவும் நம் தலையில்.

கார்த்தி (10:58): மேடானுக்கு விர்ச்சுவல் அக்கவுண்ட் என்று ஒன்று இருக்கிறது. ஆர்டர் போட்டதும் அந்த ஆர்டருக்கு மட்டும் ஒரு கணக்கு எண் வரும். அதை ஏடிஎம்மிலோ வங்கிச் செயலியிலோ போட்டுக் கட்டுவார்கள். க்யூரிஸ் என்ற பொது க்யூஆரும் 2019 முதல் இருக்கிறது. ஆனால் நிலா, ஒன்றைக் கவனி. எண்ணை வாங்கிக்கொண்டு பக்கத்தை மூடிவிட்டு ராத்திரிதான் கட்டுவார்கள். பணம் வந்ததைப் பணச்சேவையின் கணினி நேராக நம் தளத்துக்குச் சொல்லணும். அதுதான் வெப்ஹுக். அதைப் பொருத்தாவிட்டால் காசு வந்திருக்கும், ஆர்டர் மட்டும் 'நிலுவை' என்றே கிடக்கும்.

நிலா (11:02): அந்த எண்ணுக்குக் காலக்கெடு உண்டா?

கார்த்தி (11:03): நாமே வைக்கலாம். 24 மணி நேரம் வை. அதற்குள் அந்த ஒட்டியாணத்தை வேறு யாருக்கும் விற்காமல் தளம் பிடித்து வைக்கணும். அப்புறம், ரூபியாவில் ஆயிரத்துக்குப் புள்ளி வைப்பார்கள், கால்புள்ளி இல்லை. 1.450.000 என்று காட்டு. பள்ளிக்கூடத்து அம்மாவிடம் சுங்கத்தைப் பற்றியும் சொல்லிவிடு. 3 அமெரிக்க டாலருக்கு மேல் இருந்தால் அங்கே இறக்குமதித் தீர்வை உண்டு. யார் கட்டுவது என்று பக்கத்திலேயே எழுதணும்.

மணிமாறன் (11:10): இங்கேயும் 2024இலிருந்து 500 ரிங்கிட்டுக்கு உட்பட்ட இறக்குமதிச் சாமானுக்கு 10 விழுக்காடு விற்பனை வரி வந்துவிட்டதே.

கார்த்தி (11:13): ஆமாம் சித்தப்பா. ஆனால் அதை வசூலிக்கப் பதிவு செய்ய வேண்டியவர்கள், ஓராண்டில் 5 லட்சம் ரிங்கிட்டுக்கு மேல் அப்படி விற்கிறவர்கள். அத்தை அந்த அளவுக்கு வந்தால் விருந்து வைக்கட்டும்.

மங்களம் (11:15): வைத்துவிட்டால் போச்சு. இப்போது ஒரு புது ஆள் ராக்கொடி செட்டுக்குப் பணம் போட்டதாக ரசீதைப் படம் பிடித்து அனுப்பியிருக்கிறார். உன் மாமா பொட்டலம் கட்டவே ஆரம்பித்துவிட்டார்.

நிலா (11:16): அப்பா, நிறுத்துங்கள்! வங்கிக் கணக்கில் எதுவும் வரவில்லை.

சேகரன் (11:18): ரசீதில் தேதி, நேரம், தொகை எல்லாம் சரியாக இருக்கிறதே.

கார்த்தி (11:19): படத்தில் எதையும் எழுதலாம் மாமா. கணக்கில் காசு விழுந்த பிறகுதான் பொட்டலம்.

சேகரன் (11:21): சரி, டேப்பைப் பிரித்துவிட்டேன்.

நிலா (மதியம் 1:30): முடிவு இதுதான். முதலில் மலேசியா. எஃப்பிஎக்ஸ் தரும் சேவையில் விண்ணப்பிக்கிறேன். அது ஓடிய பிறகு மேடான். சென்னைக்கு அட்டையே இருக்கட்டும், வெளிநாட்டுப் பயன்பாட்டைத் திறக்கச் சொல்லிப் பக்கத்தில் தமிழில் ஒரு குறிப்பு போடுகிறேன்.

கார்த்தி (1:34): சரி. விண்ணப்பத்தில் நிறுவனப் பதிவு எண் கேட்பார்கள், திருப்பிக் கொடுக்கும் விதிகளையும் தளத்தில் தேடிப் பார்ப்பார்கள். முதல் பணம் கைக்கு வர ஒரு வாரத்துக்கு மேல் ஆகலாம், அத்தை பதற வேண்டாம்.

— அடுத்த வாரம், சனிக்கிழமை —

நிலா (மாலை 5:02): எஃப்பிஎக்ஸ் கிடைத்துவிட்டது! மாமா, 1 ரிங்கிட்டுக்கு ஒரு சோதனைப் பொருள் போட்டிருக்கிறேன். கட்டிப் பாருங்கள்.

மணிமாறன் (5:09): கட்டிவிட்டேன்.

நிலா (5:10): வந்துவிட்டது. ஆர்டரும் தானாகவே 'பணம் பெறப்பட்டது' என்று மாறிவிட்டது. அம்மா, கிள்ளான் டீச்சருக்கு இணைப்பை அனுப்புங்கள்.

மங்களம் (5:12): அனுப்பிவிட்டேன். இரண்டு ஒட்டியாணம் வேண்டுமாம், சலங்கை பூஜைக்கு.

கார்த்தி (5:15): பணத்தைத் திருப்பி அனுப்புவதையும் சோதித்துவிடு நிலா. அது எஃப்பிஎக்ஸில் உடனே நடக்காது, சில நாள் ஆகும்.

மணிமாறன் (5:16): அப்படியென்றால் என் 1 ரிங்கிட்?

சேகரன் (5:18): ரசீதைப் படம் பிடித்து அனுப்பு மாறா, பார்க்கலாம்.