கூகுள் மேப்பில் எங்கள் கடை வரவே மாட்டேன் என்கிறது, அவசரம்

வைண்டிங் கடை (செவ்வாய், காலை 9.12)
வணக்கம். பாண்டியில் மோட்டார் ரிப்பேர் கடை வைத்திருக்கிறோம். கூகுளில் தேடினால் எங்கள் கடை வரவில்லை. நேற்று ஆரம்பித்த கடை எல்லாம் முதலில் வருகிறது. போன வருடம் வரை நன்றாக வந்துகொண்டிருந்தது. என்ன செய்வது? தெரிந்தவர்கள் சீக்கிரம் சொல்லவும். வெயில் காலம், இப்போது விட்டால் பிறகு வேலை இல்லை.

உப்புக்காற்று (9.20)
என்ன வார்த்தை போட்டுத் தேடினீர்கள்? எங்கே நின்று தேடினீர்கள்? பைக் மோட்டாரா, தண்ணி மோட்டாரா? பாண்டியில் எந்த இடம்? இதையெல்லாம் சொல்லாமல் எப்படிச் சொல்வது அண்ணா.

லாஸ்பேட்டை வாசி (9.31)
எல்லாம் ரிவ்யூதான் சார். எங்கள் மாமா கடையில் ‘ஐந்து ஸ்டார் போட்டால் ஒரு எல்இடி பல்பு இலவசம்’ என்று அட்டையில் எழுதித் தொங்கவிட்டார். ஒரே மாதத்தில் நாற்பது ரிவ்யூ. நீங்களும் செய்யுங்கள்.

கெடிலக்கரை (9.44)
பல்பு கொடுத்து ரிவ்யூ வாங்குவது கூகுள் விதிப்படி தப்பு தம்பி. கண்டுபிடித்தால் ரிவ்யூ போய்விடும், கூடவே ப்ரொஃபைலுக்கும் (கூகுளில் கடைக்கென்று இருக்கிற பக்கம்) சிக்கல் வரும். மாமாவிடம் அட்டையைக் கழற்றச் சொல்லுங்கள்.
கேட்டவருக்கு: தினமும் ஒரு போட்டோ போடுங்கள். போட்டோவில் இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகை பதிந்திருக்க வேண்டும். அதற்கென்றே ஆப் இருக்கிறது. நான் கடலூரில் ஃபிரேம் கடைக்கு அப்படித்தான் செய்தேன், மஞ்சக்குப்பத்தில் தேடினால் நான்தான் முதலில்.

உப்புக்காற்று (9.50)
மஞ்சக்குப்பத்தில் ஃபிரேம் கடை மொத்தம் எத்தனை அண்ணா?

கெடிலக்கரை (9.52)
அது வேறு விஷயம்.

பழைய மவுஸ் (10.15)
மாதம் ஒருமுறை இதே கேள்வி. ‘வரவே இல்லை’ என்பது தகவல் இல்லை, புலம்பல். கூகுள் தன் உதவிப் பக்கத்தில் தெளிவாகவே எழுதி வைத்திருக்கிறது: தேடுவதற்குப் பொருத்தமாக இருக்கிறதா, எவ்வளவு தூரத்தில் இருக்கிறது, எவ்வளவு பேர் அறிந்த கடை. இந்த மூன்றுதான். காசு கட்டி மேலே ஏற வழியில்லை என்றும் அங்கேயே இருக்கிறது. போட்டோவில் ரேகை பதிப்பதெல்லாம் ஜாதகம் பார்க்கிற மாதிரி. முதலில் படித்துவிட்டு வாருங்கள், பிறகு பேசலாம்.

வைண்டிங் கடை (11.40)
கோபிக்காதீர்கள் சார், கடையில் ஆள் இருந்தது. தண்ணி மோட்டார், போர் மோட்டார், மிக்சி, கிரைண்டர், ஃபேன் எல்லாம் காயில் கட்டுவோம். கடைப் பெயரைப் போட்டால் வருகிறது. ‘மோட்டார் ரீவைண்டிங் பாண்டிச்சேரி’ என்று போட்டால்தான் வரவில்லை. கடை கோட்டக்குப்பம், ஈசிஆர் மேலேயே. ஒரு கம்பெனியிலிருந்து போன் செய்து பன்னிரண்டாயிரம் கொடுத்தால் முதல் இடத்தில் வைப்பதாகச் சொன்னார்கள். கொடுக்கலாமா?

உப்புக்காற்று (11.43)
கொடுக்காதீர்கள்!! மேலே பழைய மவுஸ் சொன்னது அதுதான். அவர் சொன்ன விதம்தான் கொஞ்சம் அப்படி.

ஒயிட் டவுன் இல்லை (11.58)
கோட்டக்குப்பம் எப்போதிலிருந்து பாண்டி ஆனது? விழுப்புரம் மாவட்டம், வானூர் தாலுகா. கூகுளுக்கே தெரிகிறது, உங்களுக்குத் தெரியவில்லை.

லாஸ்பேட்டை வாசி (12.03)
முத்தியால்பேட்டையில் ஆரம்பித்து ரோட்டோரமாக நடந்தால் எங்கே பாண்டி முடிந்தது என்று உங்களால் சொல்ல முடியுமா? ஊருக்கெல்லாம் அது பாண்டிதான். அட்ரஸில் மாநிலத்தைப் புதுச்சேரி என்று மாற்றிவிடுங்கள், சரியாகிவிடும்.

ஒயிட் டவுன் இல்லை (12.09)
மாற்றுவாராம். ஜிஎஸ்டி நம்பர் 33-ல் ஆரம்பிக்கிறதா, 34-ல் ஆரம்பிக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். 33 என்றால் தமிழ்நாடு. கதை முடிந்தது.

கெடிலக்கரை (12.15)
பெட்ரோல் எங்கே போடுகிறார் என்று கேளுங்கள், அதை வைத்து முடிவு செய்யலாம்.

தையல் மெஷின் (12.50)
எல்லோரும் கொஞ்சம் நில்லுங்கள். தம்பி, ‘கடைப் பெயரைப் போட்டால் வருகிறது’ என்றீர்களே, அப்படி வருகிற பக்கத்தின் ஸ்கிரீன்ஷாட்டை இங்கே போடுங்கள். நீங்கள் கடையில் உட்கார்ந்து உங்கள் போனில் தேடாமல், வேறு ஊரில் இருப்பவரைத் தேடச் சொல்லி வாங்கிப் போடுங்கள்.

வைண்டிங் கடை (மாலை 6.22)
[படம்] மச்சான் திண்டிவனத்திலிருந்து எடுத்து அனுப்பினார்.

தையல் மெஷின் (6.41)
நினைத்தேன். படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். ஒரே பெயரில் இரண்டு கடை இருக்கிறது. மேலே உள்ளதில் 61 ரிவ்யூ, முகவரி முத்தியால்பேட்டை மணிக்கூண்டு பக்கம். கீழே உள்ளதில் 2 ரிவ்யூ, கோட்டக்குப்பம். அந்த இரண்டு ரிவ்யூவில் ஒன்று உங்கள் மச்சானே போட்டதுபோல் இருக்கிறது. கடை மாற்றினீர்களா?

வைண்டிங் கடை (6.45)
ஆமாம் அக்கா, தை மாதம் மாற்றினோம். வாடகை ஏற்றிவிட்டார்கள். அது முக்கியமா?

உப்புக்காற்று (6.46)
😭

தையல் மெஷின் (7.10)
அதுதான் முக்கியமே. இடம் மாறினால் பழைய ப்ரொஃபைலிலேயே முகவரியை மாற்ற வேண்டும். புதிதாக ஒன்று திறக்கக் கூடாது. நீங்கள் இத்தனை வருடம் சம்பாதித்த பெயரெல்லாம் பூட்டிய கடையின் பேரில் கிடக்கிறது. புதிய கடை குழந்தை மாதிரி நிற்கிறது. உங்களைத் தேடி மணிக்கூண்டு பக்கம் போய் ஷட்டரைப் பார்த்துத் திரும்பியவர்களும் இருப்பார்கள்.

இன்னும் இரண்டு விஷயம் கண்ணில் பட்டது. புதியதில் வகை ‘எலக்ட்ரிக்கல் கடை’ என்று இருக்கிறது. ஒயர் வாங்க வருபவருக்குத்தான் அது காட்டும். ரிப்பேர் சர்வீஸ் வகையை முதன்மையாக வையுங்கள். அப்புறம் பெயர். உங்கள் போர்டில் என்ன எழுதியிருக்கிறதோ அது மட்டும்தான் பெயர். புதியதில் அதன் பின்னால் ‘பெஸ்ட் மோட்டார் ரீவைண்டிங் பாண்டிச்சேரி கோட்டக்குப்பம்’ என்று ரயில் பெட்டி மாதிரி கோத்திருக்கிறீர்கள். அதற்கே ப்ரொஃபைலை முடக்கிவிடுவார்கள்.

‘ரீவைண்டிங்’ என்று தேடுவது நீங்களும் நானும்தான். தண்ணி வராத வீட்டில் இருப்பவர் ‘வாட்டர் மோட்டார் ரிப்பேர்’ என்றுதான் தேடுவார். அந்த வார்த்தையை சர்வீஸ் பட்டியலில் எழுதுங்கள், பெயரில் வேண்டாம்.

வைண்டிங் கடை (7.31)
பழையது எங்களிடம் இல்லையே அக்கா. கடையில் வேலை பார்த்த பையன் அவனுடைய மெயிலில் போட்டது. அவன் இப்போது துபாயில்.

பழைய மவுஸ் (7.48)
இந்த ஒரு வரியைக் காலை 9.12-க்கே எழுதியிருந்தால் இத்தனை பேர் நேரம் மிச்சமாகியிருக்கும். பையனைக் கூப்பிட்டு உங்கள் மெயிலை உரிமையாளராகச் சேர்க்கச் சொல்லுங்கள், இரண்டு நிமிட வேலை. ஆள் கிடைக்காவிட்டால் அந்தப் பக்கத்தில் உரிமை கேட்டு விண்ணப்பிக்கலாம். பதில் சொல்ல அவருக்கு மூன்று நாள் அவகாசம் உண்டு. அதற்குள் பதில் வராவிட்டால் நீங்களே உரிமை கோர வழி காட்டக்கூடும். முகவரி மாற்றினால், கடை உங்களுடையதுதானா என்று சரிபார்க்கக் கூகுள் மறுபடி வீடியோ கேட்கக்கூடும். தெரு, போர்டு, நீங்கள் சாவி போட்டு ஷட்டர் திறப்பது, உள்ளே வைண்டிங் மெஷின், எல்லாம் வெட்டாமல் ஒரே ஓட்டமாக எடுக்க வேண்டும். பழையதை ‘நிரந்தரமாக மூடப்பட்டது’ என்று மட்டும் போட்டுவிடாதீர்கள்.

தையல் மெஷின் (7.55)
பழையது கைக்கு வந்து முகவரி மாறிய பிறகு புதியதை நீக்குங்கள். அந்த இரண்டு ரிவ்யூ போனால் போகட்டும், மச்சானைத் திரும்ப எழுதச் சொல்லவும் வேண்டாம்.
இன்னொன்று. இதெல்லாம் செய்தாலும் வில்லியனூரில் இருந்து தேடுபவருக்கு நீங்கள் முதலில் வரமாட்டீர்கள். தூரம் ஒரு கணக்கு. முத்தியால்பேட்டை, கோட்டக்குப்பத்தில் தேடுபவருக்கு வந்தால் போதும் என்று வையுங்கள். மோட்டாரைத் தூக்கிக்கொண்டு வருபவர் அதற்கு மேல் எங்கே வரப்போகிறார்.

ஒயிட் டவுன் இல்லை (8.20)
ஆக கோட்டக்குப்பம் பாண்டி இல்லை என்பது உறுதியாகிவிட்டது.

லாஸ்பேட்டை வாசி (8.22)
எங்கே உறுதியானது? பேச்சே அதைப் பற்றி இல்லை. நீங்கள் சொல்கிற கணக்குக்கு, 2006-இல் பெயர் மாறிய பிறகும் போர்டில் பாண்டிச்சேரி என்று எழுதியிருப்பவர்கள் எல்லாம் எங்கே போவது?

ஒயிட் டவுன் இல்லை (8.24)
அது பெயர், இது எல்லை. கலக்காதீர்கள்.

கெடிலக்கரை (8.40)
ரேகை போட்டோவையும் ஒருமுறை முயன்று பாருங்கள். நஷ்டம் இல்லையே.

உப்புக்காற்று (மூன்று நாள் கழித்து)
என்ன ஆனது அண்ணா?

வைண்டிங் கடை (பதினொரு நாள் கழித்து, இரவு 10.05)
பையன் ‘ஓகேண்ணா’ என்று ஒரே வரி அனுப்பி மெயிலைச் சேர்த்துவிட்டான். முகவரி மாற்றி வீடியோ அனுப்பினோம். முதல் தடவை ஆகவில்லை, போர்டு இருட்டாக விழுந்திருந்தது. காலையில் எடுத்தது சரியானது. நேற்று சோலை நகரிலிருந்து ஒருவர் மேப் பார்த்து வந்ததாகச் சொன்னார், அரை எச்பி மோட்டார். எல்லோருக்கும் நன்றி. கடையில் வேலை இருக்கிறது.

லாஸ்பேட்டை வாசி (10.30)
அண்ணா, வீட்டில் டேபிள் ஃபேன் ஒன்று கிடக்கிறது, காயில் கருகின வாசனை வருகிறது. கட்ட எவ்வளவு ஆகும்?

லாஸ்பேட்டை வாசி (மறுநாள்)
அண்ணா?