கர்ப்பகால பிரஷர்: இன்னும் மனசை விட்டுப் போகாத ஒரு சம்பவத்தைச் சொல்லுங்கள்

மழைத்துளி:
குழந்தை பிறந்தாச்சு, இனி பிரஷர் தானாக இறங்கிவிடும் என்று சொல்லி வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். ஏழாம் மாசத்திலிருந்தே தங்கச்சிக்கு பிரஷர், யூரினில் ஆல்புமின் (புரதம்) எல்லாம் இருந்தது. பால் கொடுத்துக்கொண்டே, "அக்கா, கண்ணு முன்னாடி பூச்சி பறக்குது" என்றாள். குழந்தையைக் கையில் வாங்கினேன். வாங்கிய மறுநொடி அவள் தாடை ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டது. இப்போது பிழைத்து எழுந்துவிட்டாள். ஆனால் பிரசவத்துக்கு அப்புறமும் ஜன்னி (பிரஷரால் வரும் வலிப்பு) வரும் என்று எங்களுக்கு ஒருத்தர்கூடச் சொல்லவில்லையே!

இரவுப்பணி:
சின்ன நிலையம், டாக்டர் கிடையாது, வண்டி வரவே நேரமாகும். வந்த கர்ப்பிணிக்கு பிரஷர் 170/120, முகமெல்லாம் வீக்கம். வலிப்பைத் தடுக்கும் மேக்சல்ஃப் (மெக்னீசியம் சல்ஃபேட்) ஊசி 4 கிராம் நரம்பில் மெதுவாக ஏற்றும்போது, "உடம்பெல்லாம் தீயா எரியுது, நிறுத்துங்க சிஸ்டர்" என்று என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். அந்த மருந்துக்கு அப்படித்தான் எரியும், கொஞ்சத்தில் தணிந்துவிடும். அப்புறம் பிட்டத்தில் பக்கத்துக்கு 5 கிராம். சுத்தியல் இல்லை. கை ஓரத்தால் முட்டிக்குக் கீழே தட்டித் தட்டிப் பார்த்தேன், கால் உதறுகிறதா என்று. வலிப்பு வராமலே வண்டி ஏறினாள். அங்கே என்ன ஆனாள் என்று ஒரு தகவலும் இல்லை. அதுதான் உறுத்துகிறது.

வழிப்போக்கன்:
சிஸ்டர், டாக்டர் இல்லாமல் அந்த ஊசி போடலாமா? அளவு மிஞ்சினால் மூச்சே நின்றுவிடும் என்கிறார்களே. அந்தப் பயத்தில்தான் என் மனைவியை ஊசி போடாமல் அனுப்பினார்கள். பாதி வழியில் வலிப்பு, நாக்கைக் கடித்து என் சட்டையெல்லாம் ரத்தம். யார் செய்தது சரி?

பழையஸ்டெத்:
வழிப்போக்கன், சிஸ்டர் செய்ததுதான் சரி. முழு சிகிச்சை தர வழியில்லாத இடத்தில் முதல் டோஸைப் போட்டு உடனே பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பு என்றுதான் உலக சுகாதார நிறுவனமே சொல்கிறது. 2002-இல் வந்த மேக்பை ஆய்வில் 33 நாடுகளில் சுமார் 10,000 பெண்களிடம் இந்த ஊசியைச் சோதித்துப் பார்த்தார்கள், ஜன்னி பாதிக்கு மேல் குறைந்தது. விலையும் குறைந்த மருந்து. மூச்சு நிற்பதற்கு முன்னாலேயே முட்டி உதறல் போய்விடும், அதனால்தான் தட்டிப் பார்ப்பது. அடுத்த டோஸுக்கு முன் கால் உதற வேண்டும், மூச்சு நிமிடத்துக்கு 16-க்குக் குறையக் கூடாது, 4 மணி நேரத்தில் 100 மில்லியாவது சிறுநீர் வந்திருக்க வேண்டும். அளவு மிஞ்சினால் முறிமருந்தாக கால்சியம் குளுக்கோனேட் 1 கிராம் கைக்கெட்டும் இடத்தில் இருக்கட்டும்.

ஆனால் மேக்சல்ஃப் வலிப்புக்குத்தான், பிரஷருக்கு இல்லை. 160/110-ஐத் தொட்டால் நிஃபெடிபின், லேபெடலால் என்று கையில் இருப்பதைக் கொடுத்து பிரஷரைத் தனியாக இறக்க வேண்டும்.

என் சம்பவம் இவ்வளவுதான்: மேற்பார்வைக்குப் போன இடத்தில் எல்லாத் தாய்மார் அட்டையிலும் 120/80, ஒரே கையெழுத்து. கருவியை எடுத்துப் பார்த்தால் ரப்பர் குழாய் கிழிந்து கிடந்தது. மருந்து அலமாரி நிறைய இருந்தும், பிரஷரே பார்க்காமல் யாருக்குக் கொடுப்பது?

மழைத்துளி, தங்கச்சிக்கு அடுத்த பிள்ளை என்றால், இது திரும்ப வராமல் தடுக்க 12 வாரத்திலிருந்தே ஆஸ்பிரின் 75 மில்லிகிராம் பற்றிக் கேளுங்கள். சாப்பாட்டில் கால்சியம் குறைவென்றால் தினம் 1.5 முதல் 2 கிராம் வரை கால்சியமும் வேண்டும்.

மழைத்துளி:
அடுத்த பிள்ளையைப் பற்றி யார் கேட்டார்கள் டாக்டர்? அவளுக்கு இன்றைக்கும் 150/100 நிற்கிறது. பால் கொடுக்கிறவள் மாத்திரை சாப்பிடக் கூடாது என்று வீட்டில் பெரியவர்கள் தடுக்கிறார்கள்.

இரவுப்பணி:
மழைத்துளி, நிஃபெடிபின், எனாலப்ரில் இரண்டுமே பால் கொடுப்பவர்களுக்குத் தருகிற பிரஷர் மாத்திரைகள்தான். பிரசவமான 3 முதல் 6 நாட்களில்தான் பிரஷர் உச்சத்துக்கு ஏறும். பெரியவர்களையும் கூட்டிக்கொண்டு இன்றைக்கே டாக்டரிடம் காட்டுங்கள். தலைவலியோ கண் மங்கலோ வந்தால் ராத்திரி என்றும் பார்க்காமல் கிளம்புங்கள்.